மாடிப்படிக்கு அடியில் கொஞ்சம் வெயில்

ஈரச் சட்டை காய மூன்று போதும் என்பது க்ளைவ் சக்டனின் கொள்கை: கயிறு, கவ்வி, சுயமரியாதை. ஹோம்ஷா பாரம்பரியச் சங்கத்தின் தலைவர் என்ற முறையில் இதை அவர் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ஊர் நூலகத்தில் பேசுவார். கேட்க வருபவர்களில் பாதிப் பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். அவர்களுடைய கோட்டுகள் நாற்காலி முதுகுகளில் சொட்டிக்கொண்டிருக்க, க்ளைவ் காற்றின் வல்லமையைப் பற்றி விளக்குவார். பேச்சின் உச்சத்தில் ஒரு படத்தைத் தூக்கிக் காட்டுவார். புகைபிடித்தவனின் நுரையீரலை டாக்டர்கள் காட்டுவது போல. மின்சாரத்தில் சூடாகும் துணி ஸ்டாண்டின் படம் அது.

“இது துணி காயவைக்கும் கருவி அல்ல, நண்பர்களே,” என்பார். “ஒரு சமூகம் முதுகெலும்பு தளர்ந்துபோனதற்கான அத்தாட்சி.”

அந்த அத்தாட்சி ஒன்று அவர் வீட்டிலேயே இருந்தது.

அவர் மனைவி ஜானிஸ் என் தோழி. யார்க்‌ஷயர் மலையடிவாரத்தில் எங்கள் தெரு வீடுகள் எல்லாம் இரண்டிரண்டாக ஒட்டிக் கட்டியவை. சக்டன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே நடுச்சுவர். அங்கே நடப்பதில் பாதியைச் சுவர் எனக்குச் சொல்லிவிடும். மீதியை ஜானிஸ் தேநீர் குடிக்க வந்து சொல்லிவிட்டுப் போவாள்.

பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்த நாட்களில், ஈரச் சீருடையைப் போட்டுக்கொண்டு போய்ப் போய்த் தோள்பட்டை வலி வந்த ஒரு குளிர்காலத்தில் அவள் அந்த ஸ்டாண்டை வாங்கினாள். மூன்று அடுக்கு, அலுமினியக் கம்பிகள், இரண்டு பக்கமும் விரியும் கைகள். கம்பிகள் கை வைத்தால் சுடாது, எடுக்கவும் மனசு வராது, அப்படி ஒரு சூடு. கம்பி தொட்ட இடம் காயும். தொடாத இடம் யோசித்துக்கொண்டே இருக்கும். அதனால் நடுவில் ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். மேலே ஒரு போர்வையைப் போர்த்திவிட்டால் சூடு வெளியே ஓடாது. பக்கத்தில் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்றை வைத்துவிட்டால் ஜன்னல்கள் அழாது.

க்ளைவ் அந்த ஸ்டாண்டோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அவருடைய நீளக் கம்பளி உள்கால்சட்டைகள் அதன் மேல்தட்டில், நல்ல சூடு வரும் இடத்தில், எப்போதும் இருக்கும். எப்படி வந்தன என்று அவரைக் கேட்டால் அவருக்குத் தெரியாது.

இருவரும் பிரிவதென்று முடிவெடுத்ததற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. யாருக்கும் யார் மேலும் காதல் வந்துவிடவில்லை. ஒரே வருஷத்தில் இருவரும் ஓய்வு பெற்றார்கள், அவ்வளவுதான். பகலில் ஒருவரை ஒருவர் பார்க்க நேர்ந்துவிட்டது.

பிரிந்தாலும் போக இடமில்லை. வீடு விற்றால்தான் இருவருக்கும் வழி. அதுவரை ஒரே வீட்டில் எல்லை போட்டு வாழ்ந்தார்கள். ஃப்ரிட்ஜில் ஆளுக்கு ஒரு தட்டு. டீவிக்கு முன்னால் ஆளுக்கு ஒரு மணி நேரம். துணி ஸ்டாண்டின் நடுக்கம்பியில் க்ளைவ் சிவப்பு டேப் ஒட்டினார். இடப்பக்கம் அவருக்கு, வலப்பக்கம் ஜானிஸுக்கு.

“உன் துண்டு என் பக்கம் வந்திருக்கு,” என்று ஒரு நாள் கேட்டது, சுவர் வழியாக.

“காத்து தள்ளியிருக்கும், க்ளைவ்.”

“வீட்டுக்குள்ள ஏது காத்து?”

“அதத்தான் நானும் கேக்குறேன். நூலகத்துக்கு வந்து எல்லார் முன்னாடியும் கேக்கட்டுமா?”

அதற்குப் பிறகு கதவு சாத்துகிற சத்தம்தான்.

சாமான்களைப் பங்கு போட வக்கீலிடம் போனபோது டீவி ஜானிஸுக்கு, சுவர்க் கடிகாரம் க்ளைவுக்கு என்று எல்லாம் சுமுகமாகத்தான் போனது. கடைசியில் க்ளைவ் தொண்டையைச் செருமிக்கொண்டு, சூடாகும் ஸ்டாண்டு தன் பங்கில் வர வேண்டும் என்றார். எதற்கு என்று வக்கீல் கேட்டார். “பொறுப்பான முறையில் அப்புறப்படுத்த,” என்றார் க்ளைவ். ஜானிஸ் சிரித்த சிரிப்பில் வக்கீலும் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். ஆனாலும் ஸ்டாண்டு க்ளைவ் பங்கில்தான் எழுதப்பட்டது. ஜானிஸ் சண்டை போடவில்லை. அவளுக்கு வேண்டியது வேறு.

மோர்கம் கடற்கரையில் இரண்டாம் மாடியில் ஒரு சின்ன ஃபிளாட். முன் ஜன்னலைத் திறந்தால் கடல். அது வற்றிப்போன நேரத்தில் சேறு. இரண்டுமே க்ளைவ் இல்லை. வீட்டுக்காரி மிஸஸ் என்ட்விஸல் வேல்ஸில் மகனிடம் போகப்போகிறவள். ஜானிஸைப் பிடித்துப்போய், ஃபிளாட்டை வாங்க வந்த மற்றவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள். ஆனால் மகன் அவசரப்படுத்தினான். “நவம்பர் கடைசி வரைக்கும்தான் கண்ணு என்னால சமாளிக்க முடியும்,” என்று போனில் சொல்லிவிட்டாள். அதற்குள் ஹோம்ஷா வீடு விலைபோக வேண்டும். போகாவிட்டால் ஜானிஸ் இன்னொரு குளிர்காலத்தைச் சிவப்பு டேப்புக்கு வலப்பக்கம் கழிக்க வேண்டும்.

வந்து பார்த்தவர்கள் ஏற்கனவே இரண்டு குடும்பம். க்ளைவ் ஹீட்டர் போட விடமாட்டார், சுவர்களில் ஈரவாசனை. ஒரு குடும்பம் மூக்கைத் தேய்த்துக்கொண்டே “வீட்டுக்குன்னு ஒரு குணம் இருக்கு” என்றது. எங்கள் ஊரில் அதற்கு வேண்டாம் என்று பொருள். இன்னொரு குடும்பம் “ரொம்ப ரொம்ப அழகு” என்றது. அதற்கு நிச்சயமாக வேண்டாம் என்று பொருள்.

வீட்டுத் தரகன் டாமினிக், மூக்குக் கூர்மையான ஷூ போட்ட பையன், வந்து உட்கார்ந்து புத்தி சொன்னான்.

“பிரிஞ்சு போற வீடுன்னு தெரிஞ்சா யாரும் வாங்க மாட்டாங்க. ஒரு சோகம் ஒட்டிக்கும். நீங்க ரெண்டு பேரும் சந்தோஷமா இருக்கற மாதிரி இருக்கணும்.”

“எவ்ளோ நேரம்?” என்றாள் ஜானிஸ்.

“ஒரு அரை மணி நேரம்.”

“இத்தனை வருஷத்துல சேத்து வச்சாக்கூட அவ்ளோ தேறாதே, தம்பி.”

“டார்லிங்னு கூப்பிட்டா போதும். அப்புறம் அடுப்புல ஏதாவது கேக்கு வேகட்டும். துணிமணி ஒண்ணும் கண்ணுல படக்கூடாது. துவைக்கறவங்க வாழ்ற வீடுன்னு தெரிஞ்சாலே விலை இறங்கும்.”

மறு வாரம் அவனே மூச்சு வாங்கிக்கொண்டு போன் செய்தான். லண்டனிலிருந்து ஒரு ஜோடி. மனைவி பெயர் இமோஜன். சங்கத்துக்காரர்கள் இணையத்தில் ஏற்றியிருந்த க்ளைவின் நூலகப் பேச்சைப் பார்த்தவள். பார்த்ததோடு நிற்காமல் அழுதவள். இயற்கையோடு வாழ வடக்கே குடிபெயர வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தவளுக்கு, அந்த மனிதரின் வீடே விற்பனைக்கு வந்திருப்பது விதியாகத் தெரிந்ததாம். கொடியைப் பார்க்க வேண்டுமாம். திங்கட்கிழமைதான் வர வேண்டுமாம், ஏனென்றால் துவைக்கும் நாள் திங்கள் என்று க்ளைவ் பேச்சில் சொல்லியிருக்கிறார்.

அன்றிலிருந்து க்ளைவ் மாடிப்படி இறங்கும் விதமே மாறிவிட்டது என்றாள் ஜானிஸ். சிலை ஒன்று பீடத்தைவிட்டு இறங்குவது போல, ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் நின்று.

திங்கட்கிழமை விடிந்ததும் தூறல். ஸ்டாண்டு நிறையத் துணி.

“அத அணைச்சுட்டு மடக்கி மாடிக்கு அனுப்பு,” என்றாள் ஜானிஸ்.

“அணைக்க முடியாது. என் கறுப்பு பேன்ட் அதுல இருக்கு. புதன்கிழமை சங்கத்துக்கு மேயர் வர்றாரு.”

“கொடியில போடேன். காத்து இருக்கே, சுயமரியாதை இருக்கே.”

“ஜானிஸ், இது நேரமில்ல.”

“உனக்கு எப்பவுமே நேரமில்ல, க்ளைவ். உன் பேன்ட்டுக்குத்தான் நேரம்.”

கடைசியில் க்ளைவே ஸ்டாண்டைத் துணியோடு, போர்வையோடு, குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சாமான் அறைக்குள் நிறுத்தினார். ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தையும் உள்ளே தள்ளினார். உள்ளே பிளக் கிடையாது. கதவுக்கு அடியில் ஒரு வெள்ளை வயரை இழுத்து வெளியே கொண்டுவந்து, அதன் மேல் வாசல் விரிப்பைப் போட்டு மூடினார். பிறகு காய்ந்திருந்த நான்கு சட்டைகளை எடுத்துப் பின்முற்றத்தில் கொடியில் போட்டார். காய்ந்த சட்டையைக் கொண்டுபோய் மழையில் தொங்கவிட்ட மனிதரை என் சமையலறை ஜன்னல் வழியாக நானே பார்த்தேன். தள்ளி நின்று தலையைச் சாய்த்து அழகு வேறு பார்த்தார்.

வந்தார்கள். இமோஜனின் ரப்பர் பூட்ஸில் கடை ஸ்டிக்கர் இன்னும் ஒட்டியிருந்தது. அவள் கணவன் ஹ்யூகோ நெஞ்சில் ஒன்று, முதுகில் ஒன்று என இரட்டைக் குழந்தைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் கைகளைத்தான் ஜானிஸ் முதலில் பார்த்தாளாம். விரல் கணுக்கள் சிவந்து வெடித்துப்போயிருந்தன.

“குழந்தைங்களுக்குத் துணி நாப்பிதான்,” என்றாள் இமோஜன், தானம் கொடுத்ததைச் சொல்வது போல. “மெஷின்ல சூடு பண்றது, ஹீட்டர் மேல போடறது எதுவும் கிடையாது. எல்லாம் சாரோட பேச்சைக் கேட்டப்புறம்தான். ஹ்யூகோதான் துவைக்கறார்.”

“எல்லாமே நான்தான்,” என்றான் ஹ்யூகோ.

“அவருக்கு அது ஒரு தியானம்.”

ஹ்யூகோ கண்களை மூடித் திறந்தான். தியானம் செய்பவர்கள் அப்படித்தான் இருப்பார்கள் போல.

க்ளைவ் அவர்களை நேராகப் பின்முற்றத்துக்கு அழைத்துப் போனார். நான்கு சட்டைகளும் காலையில் இருந்ததைவிட இரண்டு மடங்கு கனத்தில் தொங்கின. கைகளின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“மழையா இருக்கே,” என்றான் ஹ்யூகோ.

“இது மழை இல்ல, தம்பி. எங்க ஊர்ல இதுக்கு ஈரம்னு பேரு. மழை வந்தா உங்களுக்கே தெரியும். இது துணிய இன்னொரு தரம் அலசிக் கொடுக்குது, அவ்வளவுதான். அப்புறம் மலைக் காத்து வந்து எடுத்துக்கும்.”

“எப்ப வரும்?”

“அவசரம்ங்கறதுதான் நம்ம காலத்து நோய்.”

“இல்ல, நாப்பிக்குக் கேட்டேன். குழந்தைங்க காத்திருக்காதே.”

“ஹ்யூகோ,” என்றாள் இமோஜன், மிக மென்மையாக. கணவன் மேல் கோபம் வந்தால் இந்த ரகப் பெண்கள் மென்மையாகிவிடுவார்கள். ஹ்யூகோ அடங்கினான்.

உள்ளே வந்தார்கள். அடுப்பில் இஞ்சிக் கேக் வெந்துகொண்டிருந்தது. ஜானிஸ் தேநீர் ஊற்றினாள். “டார்லிங், சக்கரையைக் கொடு,” என்றார் க்ளைவ். “எடுத்துக்கோ, டார்லிங்,” என்றாள் ஜானிஸ். வார்த்தைக்கு வார்த்தை அவள் பல் தெரிந்தது. சிரிப்பு என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் மறந்திருந்தார்கள். நாற்காலி முதுகில் ஒரு துண்டு, ஸ்டாண்டிலிருந்து எடுத்துப் போட்டது. இமோஜன் அதைக் கையில் எடுத்தாள், கன்னத்தில் வைத்தாள்.

“வெதுவெதுன்னு இருக்கே.”

நவம்பர் மாதம். வெளியே தூறல்.

“கல்லு,” என்றார் க்ளைவ். “இந்த ஊர்ச் சுவர்க் கல்லு வெயில வாங்கி வச்சிருக்கும். கோடையில வாங்கினத குளிர்காலத்துல கொஞ்சம் கொஞ்சமா கொடுக்கும். முன்னோருக்குத் தெரிஞ்சிருந்தது.”

இமோஜன் கண்களை மூடிக்கொண்டாள். துண்டை ஹ்யூகோவிடம் நீட்டினாள். அவன் விரித்துப் பார்த்தான். துண்டில் பட்டை பட்டையாக, ஒரு விரல் அகலம் காய்ந்தது, நான்கு விரல் அகலம் ஈரம், மறுபடி ஒரு விரல் காய்ந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கல்லுக்கு இவ்வளவு ஒழுங்காகக் கோடு போடத் தெரியாது.

“ஏதோ ரீங்காரம் கேக்குதே,” என்றாள் இமோஜன்.

“மலைக் காத்து,” என்றார் க்ளைவ். “வாங்க, மாடியில ஜன்னல்லேர்ந்து பாத்தா இன்னும் நல்லாப் புரியும்.”

அவரும் இமோஜனும் மாடிக்குப் போனார்கள். ஹ்யூகோ போகவில்லை. வாசல் பக்கம் நடந்தான், விரிப்பை மிதித்தான், காலடியில் ஏதோ நெருடியதும் நின்றான். பூட்ஸ் நுனியால் விரிப்பை விலக்கினான். வெள்ளை வயரைக் கண்ணாலேயே பின்தொடர்ந்து கதவுக்கு வந்து சேர்ந்தான். ஜானிஸ் குறுக்கே போவதற்குள் தாழ்ப்பாளை நீக்கிவிட்டான்.

உள்ளேயிருந்து ஒரு வெதுவெதுப்பான மூச்சு வந்து இருவர் முகத்திலும் பட்டது. நெஞ்சிலிருந்த குழந்தை கண்ணைத் திறந்தது. போர்வையின் ஓரத்தைத் தூக்கி ஹ்யூகோ இரண்டு கைகளையும் கம்பிமேல் வைத்தான். மேயருக்கான பேன்ட், உள்கால்சட்டைகள், சிவப்பு டேப், எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தான். கையை எடுக்கவில்லை.

“எவ்ளோ காலமா?” என்றான்.

“நான் வாங்கினதுலேர்ந்து.”

“அவருக்குத் தெரியுமா?”

“மேல்தட்டு அவரோடதுதான்.”

ஹ்யூகோ மாடிப்படியை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையைப் பார்த்து, இவன் இப்போது மேலே போய் அந்த ஆளின் கழுத்தைப் பிடிக்கப்போகிறான் என்று ஜானிஸ் நினைத்தாளாம். ஆனால் லண்டன்காரன் நன்றாக வளர்க்கப்பட்டவன். குரலைத் தாழ்த்தித்தான் பேசினான்.

“வீட்ட எடுத்துக்கறோம். இதுவும் வீட்டோட வரணும்.”

“கடையில புதுசே கிடைக்குதே.”

“புதுசு வாங்கினா நான் வாங்கினதா ஆயிடும். பெட்டி வரும், பில்லு வரும், ஒரு வாரம் மென்மையா பேசுவா. வீட்டோட வந்ததுன்னா யார் என்ன பண்றது, இங்கயே இருந்துச்சு. இந்த மாதிரி இருட்டு அறைக்குள்ள அவ வர மாட்டா. சிலந்தின்னா பயம்.”

“இது என்னோடது இல்லயே, தம்பி. வக்கீல் அவருக்குன்னு எழுதிட்டார்.”

“அப்ப அவர்கிட்ட கேளுங்க.”

“கொடுக்க மாட்டார்.”

“கொடுக்கலன்னா இந்தக் கதவ நான் சாத்தப் போறதில்ல. அவ கீழ இறங்கி வருவா, பாத்துடுவா. அப்புறம் வீடும் வேணாம், இவர் பேச்சும் வேணாம்னு கார்ல ஏறிடுவா. எனக்கு அதுவும் சம்மதம்தான். கொடிக்குக் கீழ நின்னு வானத்தப் பாக்கற வேலை எப்படியும் முடியும்.” பிறகு, “மன்னிச்சுக்கோங்க,” என்று சேர்த்துக்கொண்டான்.

மேலே காலடிச் சத்தம். ஜானிஸ் அவன் கையைக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டு, கதவைச் சாத்தி, அதன் மேல் முதுகைச் சாய்த்து நின்றாள். மோர்கம் ஜன்னல் அந்த நேரத்தில் தாழ்ப்பாள் அளவுக்குச் சின்னதாகிவிட்டது என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

க்ளைவ் பேசிக்கொண்டே இறங்கினார். கடைசிப் படியில் ஜானிஸ் நிற்கும் இடத்தைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

“டார்லிங்,” என்றாள் ஜானிஸ். “ஹ்யூகோ தம்பி என்ன சொல்றார்னா, இந்த அறையக் காலி பண்ண வேண்டாமாம். உள்ள இருக்கறத அப்படியே விட்டுட்டுப் போனாப் போதுமாம்.”

க்ளைவ் ஹ்யூகோவைப் பார்த்தார். ஹ்யூகோ ஒரு குழந்தையின் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

“உள்ள என்ன இருக்கு?” என்றாள் இமோஜன்.

“சொல்லு டார்லிங்,” என்றாள் ஜானிஸ். “உன் பங்குல எழுதினதுதானே எல்லாம். உனக்கு வேணும்ங்கறது ஏதாவது இருக்கா இதுல?”

“அதுல… சங்கத்தோட சில பழைய சாமான்…”

“அப்படியா? அப்ப மேடமும் பாக்கட்டும். சங்கத்து மேல அவ்ளோ மரியாதை வச்சிருக்காங்க.” அவள் கை தாழ்ப்பாள்மேல் இருந்தது.

“வேணாம்.” க்ளைவின் குரல் கொஞ்சம் கிறீச்சிட்டது. “தூசி. குழந்தைங்க இருக்காங்க.”

“அப்ப வேண்டியது ஒண்ணுமில்லயா?”

கதவுக்குப் பின்னால் ரீங்காரம். கதவின் அடிப் பிளவிலிருந்து வந்த சூடு நான்கு பேரின் கணுக்காலையும் ஒரே மாதிரிதான் தொட்டிருக்கும். இமோஜன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், நூலகத்து வீடியோவைப் பார்த்த அதே கண்களால்.

“எனக்குத் தேவைங்கற மாதிரி,” என்றார் க்ளைவ், ஒவ்வொரு சொல்லாகப் பிடுங்கிப் போட்டு, “இதுல ஒண்ணும் இல்ல.”

“அப்ப அப்படியே விட்டுடலாம்?”

“விட்டுடலாம்.”

“தம்பி, கேட்டுக்கிட்டீங்களா?”

“கேட்டுக்கிட்டேன்,” என்றான் ஹ்யூகோ.

இமோஜன் க்ளைவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “பொருள் மேல கொஞ்சம்கூட ஆசையில்லாம இருக்கீங்க. எப்படிங்க முடியுது?”

“பழக்கம்தான்,” என்றார் க்ளைவ்.

அவர்கள் கார் தெருமுனை தாண்டுவதற்குள் என் சுவர் பேச ஆரம்பித்துவிட்டது. இதற்குக் காதை ஒட்ட வைக்க வேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை.

“திட்டம் போட்டு பண்ணியிருக்க.”

“நீதான் வயர இழுத்து விட்ட. நான் அணைக்கச் சொன்னேன்.”

“அது என்னோடது. எழுத்துல இருக்கு. நாளைக்கே எடுத்துட்டுப் போய் அக்கா வீட்ல வைக்கிறேன். அந்தப் பையனுக்கு வேற ஒண்ணு வாங்கி வச்சா அவனுக்கு என்ன தெரியும்.”

“சிவப்பு டேப்பு ஒட்டினதப் பாத்துட்டான். உன் உள்கால்சட்டையையும் பாத்துட்டான். தொடு பாக்கலாம். தொட்ட அடுத்த நிமிஷம் இமோஜனுக்கு நான் போன் பண்றேன்.”

“பண்ண மாட்ட. வீடு கைவிட்டுப் போயிடும். உன் மோர்கமும் போயிடும்.”

“போகட்டும்.”

“பண்ண மாட்ட.”

“போகட்டும்னு சொல்றேன்ல. இன்னும் பத்து வருஷம் இங்கயே உன் எதிர்ல உக்காந்து கேக்கு தின்னுட்டு இருப்பேன். ஆனா உன்னை ஹோம்ஷாவுல ஒருத்தன் நிமிந்து பாக்க மாட்டான். நூலகத்துல உனக்குப் பதிலா என்னைக் கூப்பிடுவாங்க. நான் படம் இல்லாம, நிஜ ஸ்டாண்டையே கொண்டுபோய்க் காட்டுவேன்.”

மிஸஸ் என்ட்விஸலின் எண்ணைத் தவிர வேறு எந்த எண்ணும் அப்போது தனக்கு ஞாபகமில்லை என்று ஜானிஸ் பிறகு ஒத்துக்கொண்டாள். இமோஜனின் எண் அவளிடம் இருக்கவே இல்லை.

சாமான் அறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. இப்போது காதைச் சுவரில் ஒட்ட வைத்தேன். பிறகு அது சாத்தும் சத்தம். க்ளைவ் தன் பேன்ட்டையும் உள்கால்சட்டைகளையும் மட்டும் எடுத்துக்கொண்டு, திருப்பிக்கூடப் போடாமல், பாதி ஈரத்தோடு மாடிக்கு ஏறிப் போயிருந்தார். புதன்கிழமை மேயரோடு எடுத்த போட்டோவை உள்ளூர்ப் பத்திரிகையில் நான் பார்த்தேன். பேன்ட்டில் முழங்காலுக்கு மேல் வரிவரியாகச் சுருக்கம். முகத்தில் வரலாறு.

மாதம் முடிவதற்குள் கையெழுத்தானது. லண்டன்காரர்களின் வீட்டை வாங்குகிறவன் பணம் கட்டினான், அவர்கள் சக்டன்களுக்குக் கட்டினார்கள், ஜானிஸ் மோர்கமுக்குக் கட்டினாள். எங்கள் நாட்டில் வீடு வாங்குவது அப்படித்தான். ஒருவன் இருமினால் வரிசையில் உள்ள எல்லாருக்கும் சளி பிடிக்கும். யாரும் இருமவில்லை.

காலி செய்கிற நாள் காலையில் ஜானிஸுக்கு டாக்ஸி வந்து நின்றது. க்ளைவ் தன் கடிகாரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றார். அவர் அக்காவின் கார் இன்னும் வரவில்லை. என்னிடம் விடைபெற்றுக்கொண்டு ஜானிஸ் அவரைத் தாண்டிப் போகும்போது அவர் தொண்டையைச் செருமினார்.

“ஒண்ணு மட்டும் நீ ஒத்துக்கணும், ஜானிஸ். தரகனாலயோ உன் கேக்காலயோ இந்த வீடு போகல. ஒரு மனுஷன் ஒரு கொள்கைல நின்னான். அதப் பாத்துத்தான் அவங்க வந்தாங்க.”

என்ன பதில் வரப்போகிறது என்று நான் காத்திருந்தேன். எத்தனையோ வருஷமாக இந்தச் சுவர் வழியாகக் கேட்டவள் நான். அவளிடம் பதிலுக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

டாக்ஸிக்காரன் ஹார்ன் அடித்தான்.

“ஆமா, க்ளைவ்,” என்றாள் ஜானிஸ், ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.